கைக்கு வாராத பொருள்: பொறுப்பு யாருடையது?

முன்னுரை

பண்டை நாளில் வாங்குவோரும் விற்போரும் ஒரே அங்காடியில் நேருக்கு நேர் நின்றனர். ஒரு கை பணத்தை நீட்ட, மறு கை பொருளைப் பெற்றது. பொருளில் குறை காணின் அவ்விடத்திலேயே கேட்டுத் தீர்த்துக்கொண்டனர். வாணிகம் வளர வளர இவ்விரு கைகளுக்கும் இடையே தொலைவு பெருகிற்று. இன்று கைப்பேசியில் விரல் பட்ட நொடியில் பணம் சென்றுவிடுகிறது. பொருளோ பல ஊர்களையும் பல கிடங்குகளையும் பலர் கைகளையும் கடந்து, சில நாள் கழித்தே வந்து சேருகிறது. பணம் சென்ற நொடிக்கும் பொருள் கைக்கு வந்த நொடிக்கும் இடைப்பட்ட அக்காலத்தில் அப்பொருள் யாருடையது? வழியில் அது காணாமற் போயின் இழப்பு யாரைச் சாரும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேல்விஷாரம், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய தோல் தொழில் ஊர்களுக்கு இவ்வினா புதியதன்று. தோல் மாதிரிகளையும், காலணி மாதிரிகளையும், கப்பல் ஆவணங்களையும் கடல் கடந்த வணிகர்க்கு அஞ்சலிலும் கூரியரிலும் அனுப்பி, மறுமொழிக்காகக் காத்திருந்து பழகியவை இவ்வூர்கள். அன்று ஏற்றுமதியாளர்க்கு மட்டும் உரியதாய் இருந்த அக்கவலை இன்று வீடுதோறும் வந்துவிட்டது. மாணவர்க்குக் கணினி, மணமகளுக்குக் கடிகாரம், முதியோர்க்கு மருத்துவக் கருவி என விலையுயர்ந்த பொருள்கள் யாவும் பார்சலாகவே வருகின்றன. எனவே இச்செய்தியைச் சட்டம் அறிந்தோர் மட்டுமன்றி அனைவரும் அறிதல் வேண்டும்.

ஒரு நிகழ்வு

சில ஆண்டுகளுக்கு முன் நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் பணி செய்பவர். தாய் காலணியின் மேற்பாகம் தைக்கும் வேலைக்குச் செல்பவர். கல்லூரியில் சேர்ந்த மகனுக்காகச் சீட்டுப் பணம் எடுத்து, 38,000 ரூபாய் விலையில் மடிக்கணினி ஒன்றை இணையவழி வாங்கினர். குறித்த நாளன்று மாலையில், ‘பொருள் ஒப்படைக்கப்பட்டது’ என்னும் குறுஞ்செய்தி வந்தது. பொருள் வரவில்லை.

பார்சல் கொண்டுவரும் இளைஞர் அடுத்த தெருக்காரர். அவரை அழைத்துக் கேட்டனர். “பாய், நான் கொடுத்துவிட்டேன், கையெழுத்தும் இருக்கிறது” என்றார் அவர். கையெழுத்தைக் காட்டச் சொன்னபோது, திரையில் விரலால் இழுத்த கோடு ஒன்றே தெரிந்தது. பேச்சு முற்றிற்று. தெருவில் கூட்டம் கூடிற்று. அன்றிரவே அவ்விளைஞர் கள்வர் என்னும் பெயரைச் சுமந்தார். மூன்றாம் நாள் அவருடைய வேலையும் போயிற்று.

பதினோராம் நாள் உண்மை வெளிப்பட்டது. அதே பெயருடைய மற்றொருவர் வேறொரு தெருவில் இருந்தார். நம்மூரில் ஒரே பெயருடையோர் பலர் வாழ்வது யாவரும் அறிந்ததே. அவ்வீட்டார் வெளியூர் சென்றிருக்க, பார்சலைப் பக்கத்து வீட்டு மூதாட்டி வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்தார். கணினி திரும்பக் கிடைத்தது. இளைஞரின் நற்பெயர் அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. வேலையும் அவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை.

இந்நிகழ்வில் குடும்பத்தாரின் வேதனை நியாயமானது. ஆயினும் அவர்கள் யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்கவில்லை. எளிதில் கைக்கு எட்டியவரிடம் கேட்டனர். பொறுப்பு யாருடையது என்பதை அறியாமையே இதற்குக் காரணம். அவ்வறியாமையைப் போக்க, அஞ்சலில் தொலைந்த பொருள் பற்றிய சட்டம் வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

அஞ்சலகத்தின் பழைய காப்பு

அஞ்சலில் விலையுயர்ந்த பொருள் தொலைந்து எழுந்த வழக்குகள் முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட பழைமை உடையவை. இலண்டன் அஞ்சலகத்தில் கொடுக்கப்பட்ட கடிதம் ஒன்றினுள் இருந்த அரசுக் கருவூலப் பத்திரங்கள் களவு போயின. அவற்றை இழந்தவர் அஞ்சல் தலைவர் மீது வழக்குத் தொடுத்தார். லேன் எதிர் காட்டன் என்னும் அவ்வழக்கில் 1701-ஆம் ஆண்டு, அஞ்சல் தலைவர் இழப்பீடு தர வேண்டியதில்லை எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். தலைமை நீதிபதி ஹோல்ட் ஒருவர் மட்டும் மாறுபட்டார். கட்டணம் வாங்கிப் பொருளை ஏற்பவர் அதனைக் காக்கும் கடமையையும் ஏற்கிறார் என்பது அவர் கருத்தின் சாரம்.

1778-ஆம் ஆண்டு மீண்டும் அதே வினா எழுந்தது. அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரிப்போன் ஒருவன் கடிதத்திலிருந்த 100 பவுண்டு வங்கித்தாளைத் திருடினான். அஞ்சலகம் பொருள் சுமக்கும் வண்டிக்காரரைப் போன்றதன்று, அது அரசின் ஓர் அங்கம் என்று கூறி, மேன்ஸ்ஃபீல்டு பிரபு அஞ்சல் தலைவரை விடுவித்தார். திருடியவன் குற்றவாளி; எனினும் அவனுக்கு மேலிருந்தோர் இழப்பை ஈடு செய்ய வேண்டியவர் அல்லர் என்பதே இதனால் நிலைபெற்ற கொள்கை.

சட்டம் கைவிடவே, மக்கள் தம் அறிவால் வழி கண்டனர். பணத்தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அஞ்சலில் அனுப்புவர். அது சேர்ந்ததென மறுமொழி வந்தபின் மறுபாதியை அனுப்புவர். இரு பாதியிலும் ஒரே எண் அச்சிடப்பட்டிருந்ததால் அவற்றை இணைத்து மாற்றிக்கொள்ள இயன்றது. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவிலும் இவ்வழக்கம் பரவலாக இருந்தது.

இங்கிலாந்தில் பிறந்த அக்கொள்கையே 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 6-ஆம் பிரிவாக நம் நாட்டில் இடம்பெற்றது. அஞ்சலில் வரும் பொருள் தொலைந்தாலும், தவறான இடத்தில் சேர்ந்தாலும், தாமதமானாலும், சேதமுற்றாலும் அரசு பொறுப்பேற்காது. அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கே பொறுப்பு உண்டு. அஞ்சல் ஊழியர் வஞ்சகமாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் மட்டுமே அவர் பொறுப்பாளி. இதுவே அப்பிரிவின் பொருள். நுகர்வோர் சட்டம் 1986-இல் வந்த பின்னரும் இக்காப்பு அசையவில்லை. 1993-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் இப்பிரிவைச் சுட்டி, அஞ்சல் துறைக்கு எதிரான இழப்பீட்டுக் கோரிக்கையை ஏற்க மறுத்தது.

1898-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. அதன் இடத்தில் 2023-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் இயற்றப்பட்டு, 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டம் நீங்கினும் பழைய காப்பு நீங்கவில்லை. புதிய சட்டத்தின் 10-ஆம் பிரிவு, விதிகளால் வகுக்கப்பட்ட அளவுக்கு மேல் அஞ்சலகத்திற்குப் பொறுப்பில்லை என்றே கூறுகிறது.

அவ்வளவு எத்துணைச் சிறியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். விரைவு அஞ்சல் சேவை 1986 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கப்பட்டது. பொருள் தொலைந்தால் செலுத்திய கட்டணத்தின் இருமடங்கு அல்லது 1000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே இழப்பீடு என்று 1999-இல் அஞ்சல் விதிகளில் சேர்க்கப்பட்டது. நூறு ரூபாய்க் கட்டணத்தில் சென்ற நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருள் தொலைந்தால், அவ்விதிப்படி இருநூறு ரூபாய்தான் கிட்டும். ஆகவேதான் விலையுயர்ந்த பொருளை அஞ்சலில் அனுப்புவோர் அதன் மதிப்பைக் கூறி, கூடுதல் கட்டணம் செலுத்திக் காப்பீடு செய்தல் வேண்டும். காப்பீடு செய்தவிடத்து அரசே வெளிப்படையாகப் பொறுப்பேற்கிறது.

வி.பி.பி. காட்டும் உண்மை

இன்று பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறை புதுமையெனப் பேசப்படுகிறது. இம்முறை நம் நாட்டில் 1877-ஆம் ஆண்டிலேயே வி.பி.பி. என்னும் பெயரில் வந்துவிட்டது. நூல்களையும், மருந்துகளையும், கைக்கடிகாரங்களையும் பத்திரிகை விளம்பரம் கண்டு வி.பி.பி.யில் வரவழைத்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். தபால்காரரிடம் பணத்தைச் செலுத்திப் பார்சலைப் பிரித்தபோது, உள்ளே செங்கல் இருந்த கதையையும் அவர்கள் அறிவர்.

வி.பி.பி. பற்றி உச்ச நீதிமன்றம் கூறிய இரு தீர்ப்புகள் நம் வினாவிற்கு ஒளி தருவன. முதலாவது, 1959-ஆம் ஆண்டின் வருமானவரி ஆணையர் எதிர் பி.எம். ராத்தோட் நிறுவனம் என்னும் வழக்கு. இரத்லாம் நகரிலிருந்து வாசனைப் பொருள்களையும் கூந்தல் தைலத்தையும் வி.பி.பி.யில் விற்ற நிறுவனம் அது. விற்பனை எவ்விடத்தில் முடிவுற்றது என்பதே வரி பற்றிய அவ்வழக்கின் வினா. வாங்குவோர் பணம் கொடுத்தால் அன்றிப் பொருளைப் பெற இயலாது. ஆகவே அஞ்சலகம் விற்பவரின் முகவராக நின்று பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்குகிறது என்று நீதிமன்றம் கூறிற்று.

இரண்டாவது, ஒன்றிய அரசு எதிர் முகமது நாசிம் என்னும் வழக்கு. 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இது இடம்பெற்றுள்ளது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானிலிருந்தோர்க்கு வி.பி.பி. மூலம் பொருள் அனுப்பிய வணிகர், தமக்கு வந்து சேராத தொகையை அரசிடம் கேட்டார். அஞ்சலகம் பொதுச் சுமப்பாளரும் அன்று, அனுப்புவோரின் முகவரும் அன்று. அது சட்டத்திற்குட்பட்டு இயங்கும் ஒரு பொதுச் சேவை என்று கூறி, நீதிமன்றம் அவர் கோரிக்கையை மறுத்தது.

இவ்விரு தீர்ப்புகளும் முரண்படுவன போல் தோன்றும். உற்று நோக்கின் முரணில்லை. அரசை நோக்கி இழப்பீடு கேட்கும்போது அஞ்சலகம் யாருடைய முகவரும் இல்லை. வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையே பொறுப்பைப் பங்கிடும்போதோ, வி.பி.பி.யில் அஞ்சலகம் விற்பவர் பக்கமே நிற்கிறது. பொருளைக் கொண்டுவருபவர் யாராயினும், அவரைத் தெரிந்தெடுத்தவர் விற்பவரே என்னும் உண்மையை இதனின்றும் நாம் பெறலாம்.

கூரியரும் சிற்றெழுத்தும்

தனியார் கூரியரின் நிலை வேறு. பொருள் சுமப்போர்க்கென நம் நாட்டில் 1865-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. பொருளை இழந்தவர், சுமப்பவரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது அதன் சிறப்பு. அதன் இடத்தில் 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 2011-இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு வாயிலிலிருந்து வீட்டு வாயிலுக்குப் பொருள் கொண்டுசெல்லும் கூரியர் நிறுவனங்களும் இச்சட்டத்தின்படி பொதுச் சுமப்பாளரே. அரசு மட்டும் அவ்வரையறைக்குப் புறம்பானது. ஒரே பொருள் அரசு அஞ்சலில் தொலைந்தால் ஒரு நீதியும் கூரியரில் தொலைந்தால் மற்றொரு நீதியும் இருப்பதன் காரணம் இதுவே.

ஆயினும் கூரியரிடம் முழு இழப்பீடும் எளிதில் கிட்டுவதன்று. மதிப்பை முன்கூட்டி அறிவிக்காதவிடத்து, சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கு என்னும் வரம்பு உண்டு. சுமப்பாளர் மீது வழக்குத் தொடுக்கும் முன், சரக்கைப் பதிந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருத்தல் வேண்டும். இதனை அறியாமையால் உரிமை இழப்போர் பலர்.

நம் பகுதி ஏற்றுமதியாளர் மறவாமல் கற்க வேண்டிய வழக்கு, 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாரதி நிட்டிங் கம்பெனி எதிர் டி.எச்.எல். கூரியர் என்பது. ஜெர்மானிய வணிகர் ஒருவர்க்கு 1990-ஆம் ஆண்டுக் கோடைக்கால ஆடைகளை அனுப்பிய அப்பின்னலாடை நிறுவனம், சரக்கிற்குரிய ஆவணங்களைக் கூரியரில் அனுப்பிற்று. ஆவணங்கள் சேரவில்லை. படிகள் சென்று சேர்வதற்குள் கோடை கழிந்தது. வாங்குவோர் விலையைக் குறைத்தே கொடுத்தார். 4,29,392 ரூபாய் அளவில் இழப்பு ஏற்பட்டது. மாநில ஆணையம் அத்தொகையை வழங்கிற்று. தேசிய ஆணையமோ, அனுப்புச் சீட்டின் நிபந்தனையில் கூரியரின் பொறுப்பு 100 அமெரிக்க டாலர் அளவே எனக் குறித்திருப்பதைக் காட்டி அவ்வளவே தந்தது. கையொப்பமிட்டவர் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இழப்பு, படிக்கப்படாத ஒரு சிற்றெழுத்து வரியால் நூறு டாலராகச் சுருங்கியதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விற்பவரின் கடமை

இதுவரை கூறியவை பொருளைச் சுமப்போர் பற்றியன. இணையவழி வாங்குவோர்க்கும் அஞ்சலகத்திற்கும், வாங்குவோர்க்கும் கூரியருக்கும் நேரடி உடன்பாடு பெரும்பாலும் இல்லை. அவர்களுடைய உடன்பாடு விற்பவரோடும் விற்பனைத் தளத்தோடுமே. ஆகவே கேள்வியும் அவர்களையே சாரும்.

1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவை விற்போர் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. பொருளைச் சுமப்பாளரிடம் கொடுத்தலே, மாறாக எதுவும் இல்லாதவிடத்து, வாங்குவோரிடம் கொடுத்தலாகக் கருதப்படும் என்பது அப்பிரிவு. வணிகர் இருவர் மூட்டை மூட்டையாகச் சரக்கை மாற்றிக்கொண்ட காலத்திற்கு ஏற்ற விதி அது. அப்பிரிவிலேயே, விற்பவர் சுமப்பாளரோடு தக்கதோர் உடன்பாடு செய்யாமல் பொருள் தொலைந்தால், வாங்குவோர் அதனைத் தம்மிடம் கொடுத்ததாக ஏற்க மறுக்கலாம் என்றும் கூறப்பட்டுள்ளது. மேலும், வீட்டு வாயிலில் கொண்டுவந்து தருவோம் என வாக்களித்துப் பணம் பெற்றவர், வழியில் ஒருவரிடம் கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது எனக் கூறுதல் முறையாகாது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் மின்னணு வணிக விதிகள் அதே மாதம் 23-இல் வெளியாயின. ஒவ்வொரு விற்பனைத் தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் காட்டல் வேண்டும். முறையீடு வந்த 48 மணி நேரத்திற்குள் அதனைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணுதல் வேண்டும். பொருள் குறையுடையதாயினும், வாக்களித்த காலத்தைக் கடந்து வரினும், விற்பவர் அதனைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுத்தல் ஆகாது. இயற்கைப் பேரிடர் போன்றவற்றால் நேரும் தாமதம் இதற்கு விலக்கு.

பிற நாடுகளில் இக்கொள்கை இன்னும் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், பொருள் நுகர்வோரின் கைக்கு வரும்வரை இழப்பு விற்பவரையே சாரும் என்கிறது. நுகர்வோர் தாமே தனியாகச் சுமப்பாளரை அமர்த்தினால் மட்டும் இது மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நெறிமுறையும் இவ்வாறே கூறுகிறது. இவை புதிய கொள்கைகள் அல்ல. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பு இஸ்லாமிய வணிகச் சட்டத்தை விதிவிதியாக வகுத்தது. விற்ற பொருள் ஒப்படைக்கப்படும் முன் விற்பவரின் கையில் அழிந்தால் இழப்பு அவரையே சாரும் என்பது அதன் 293-ஆம் விதி. ஆதாயம் யாருக்கோ பொறுப்பும் அவருக்கே என்னும் பழைய கோட்பாடும் அத்தொகுப்பில் உண்டு. கைவசப்படாத பொருளுக்கு வாங்கியவரை இழப்பாளியாக்குதல் கூடாது என்பதில் பழைய நூலாரும் புதிய சட்டத்தாரும் ஒத்துச் செல்லுதல் மகிழ்வுக்குரியது.

வாங்குவோர் செய்யத்தக்கன

உரிமை இருப்பினும் சான்று இல்லையேல் அது பயன்படாது. ஆதலின் வாங்குவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, முகவரி. பெயரோடு தந்தை பெயர், கதவு எண், தெரு, அடையாள இடம், இரண்டு கைப்பேசி எண்கள் ஆகியவற்றை முழுமையாக எழுதுதல் வேண்டும். ஒரே பெயர் பலர்க்கு வழங்கும் ஊரில் இது மிகத் தேவை.

இரண்டாவது, ஒப்படைப்பு எண். விலையுயர்ந்த பொருள்களுக்கு ஓ.டி.பி. கேட்டே ஒப்படைக்கும் முறையைத் தெரிந்தெடுத்தல் நலம். பார்சல் கைக்கு வருமுன் தொலைபேசியில் அவ்வெண்ணைக் கூறுதல் கூடாது. கூறிவிட்டால் பொருளைப் பெற்றதற்குக் கையொப்பமிட்டதாகிவிடும்.

மூன்றாவது, பிரித்தல். பார்சலின் ஆறு பக்கங்களையும், ஒட்டிய சீட்டையும், பிரிப்பதையும் இடைவிடாமல் படம் பிடித்தல் நன்று. பெட்டி கிழிந்தோ எடை குறைந்தோ இருப்பின், கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

நான்காவது, எழுத்து. பொருள் வராதவிடத்து அன்றே முறையிட்டு, முறையீட்டு எண்ணைப் பெறுதல் வேண்டும். ஒப்படைத்ததாகக் கூறும் நாள், நேரம், இடம், பெற்றவர் பெயர், கையொப்பம் அல்லது ஒளிப்படம் ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்டல் வேண்டும். ஒப்படைத்தோம் என்பவரே அதனைக் காட்டக் கடமைப்பட்டவர். வாராத பொருளை வரவில்லை என மெய்ப்பிக்க வாங்கியவரால் இயலாது என்பதை எவரும் உணர்வர்.

ஐந்தாவது, வங்கி. கடன் அட்டை, பற்று அட்டை வழியே பணம் செலுத்தியவர், பொருள் வரவில்லை என வங்கியிடம் எழுதி, அத்தொகையை மீட்டுத்தரக் கோரலாம். இதற்குக் கால வரம்பு உண்டாகையால் காலம் தாழ்த்துதல் ஆகாது.

ஆறாவது, எச்சரிக்கை. பார்சல் தேங்கிக் கிடக்கிறது, முகவரியைத் திருத்தச் சிறு தொகை அனுப்புக என வரும் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் வஞ்சகர் விரிக்கும் வலை. அதில் சிக்கிப் பணம் இழந்தோர் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும்.

நுகர்வோர் ஆணையம்

விற்பவர் செவிசாய்க்காதவிடத்து 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதுவும் பயன்படாதாயின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். விற்பவர் பெங்களூரிலோ தில்லியிலோ இருப்பார். அங்குச் சென்று வழக்காட நம்மால் இயலுமா என அஞ்ச வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முறையிடுவோர் தாம் வாழும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வுரிமை இல்லை. நம் போன்ற சிற்றூர் மக்களுக்குப் புதிய சட்டம் தந்த பெருங்கொடை இது.

பொருளின் விலை ஐந்து இலட்சம் ரூபாய் வரை உள்ள முறையீட்டிற்குக் கட்டணம் ஏதுமில்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியிலும் முறையீட்டைப் பதியலாம். வழக்கிற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்படாத முறையீட்டை இயன்றவரை மூன்று மாதங்களில் தீர்த்தல் வேண்டும் எனச் சட்டம் கூறினும், நடைமுறையில் காலம் நீளுவதுண்டு. பொறுமையும் கோப்பும் உடையவரே வெல்வர்.

கைப்பேசியிலுள்ள குறுஞ்செய்தியும் படமும் நீதிமன்றத்தில் சான்றாகுமா என ஐயுறுவோர் உளர். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவுகளை ஏற்கிறது. ஆதலின் அவற்றை அழித்துவிடாமல் பேணுதல் வேண்டும்.

முடிவுரை

அஞ்சலகம் பழைய காப்பினுள் நிற்கிறது. கூரியர் சிற்றெழுத்தின் பின் நிற்கிறது. விற்பவரோ திரைக்கு அப்பால் நிற்கிறார். நம் கண்ணெதிரே நிற்பவர் பார்சலைக் கொண்டுவரும் இளைஞர் ஒருவரே. அவரும் நம்மூர்ப் பிள்ளை. வெயிலிலும் மழையிலும் ஒரு பார்சலுக்கு இத்தனை ரூபாய் எனக் கூலி பெறுபவர். தவறு செய்தவர் உண்மையிலேயே அவராயின் அதனை விசாரிக்கக் காவல்துறை உண்டு. தம்மிடம் ஒப்படைத்த பொருளைக் கையாடும் சுமப்பாளர்க்குப் பாரதிய நியாயச் சட்டத்தின் 316-ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அதனைத் தீர்மானிக்கும் உரிமை தெருக்கூட்டத்திற்கு இல்லை.

முற்கூறிய குடும்பத்தார் அன்று மாலையே விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர்க்கு எழுதி, பெற்றவர் யார் என்னும் சான்றைக் கேட்டிருப்பின், எந்தத் தெருவில் எந்த வாயிலில் பார்சல் கொடுக்கப்பட்டது என்பது ஓரிரு நாளில் தெரிந்திருக்கக்கூடும். ஓர் இளைஞரின் பெயரும் வேலையும் தப்பியிருக்கும். தொலைந்த கணினிக்கு விலை உண்டு. அவ்விலையை ஈடு செய்யச் சட்டமும் உண்டு. தொலைந்த நற்பெயரை ஈடு செய்ய எந்த ஆணையமும் இல்லை.

எனவே நம் மாணவர்கள் தம் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் முறையீடு எழுதித் தருதலை ஒரு தொண்டாகக் கொள்ளுதல் வேண்டும். கடிதம் எழுதத் தெரியாதோர்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்த நம் முன்னோர் செய்த உதவியை, இன்றைய வடிவில் இவர்கள் தொடரலாம். பொறுப்புடையவரிடம் எழுத்தால் கேட்போம். பொறுப்பில்லாதவர் மீது பழி சுமத்தாது காப்போம்.